சிவந்து வந்த மஞ்சள் தண்ணீர்

முலாம் என்ற சொல்லை நான் என்றைக்குமே நல்லெண்ணத்தோடு கேட்டதில்லை. பித்தளைக்கு மேல் தங்கம் காட்டுவதற்கும், ஆளுக்கு மேல் பண்பு காட்டுவதற்கும் தமிழில் அந்த ஒரே சொல்தான். உத்தியோக காலம் முழுவதையும் உலோக ஆய்வுப் பிரிவில் கழித்தவன் நான். வந்த இரும்பை வந்தபடி நம்பாமல் இருப்பதுதான் அங்கே என் வேலை. ஓய்வு பெற்றதும் வேலை நின்றது, பழக்கம் நிற்கவில்லை. ஏற்காட்டுக்குப் பக்கத்தில், கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நானும் மனைவியும் ஒரு சின்ன வீட்டில் குடியேறிய சில மாதங்களிலேயே, பால்காரர் என்னைக் கண்டால் மட்டும் செம்பைத் தானாகவே சாய்த்துக் காட்ட ஆரம்பித்திருந்தார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே பஸ் நிற்கும் திருப்பத்தில் ஒரு மாவு மில் இருந்தது. அதை நடத்திய அம்மாள், எஸ்டேட் வேலைக்காகச் சமவெளியிலிருந்து மலையேறி வந்த குடும்பத்தில் பிறந்தவர். காப்பிப் பழம் பறித்த கையால் பல்வரைசர் ஓட்டக் கற்றுக்கொண்டவர். அரைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக மலையிலேயே விவசாயம் பார்க்கிறவர்கள். அவர்களுடைய சாமையும் ராகியும் இல்லாவிட்டால் அந்த மில்லுக்குக் கதவு திறக்கிற வேலைகூட இருந்திருக்காது.

பல்வரைசரில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இரும்புக் கூட்டுக்குள் தட்டையான இரும்புத் துண்டுகள் வேகமாகச் சுழன்று தானியத்தை அடிக்கும். பொடியானது அடியில் இருக்கும் சல்லடை வழியாக மாவாக இறங்கும். அந்தத் துண்டுகளைச் சுத்தி என்பார்கள். தானியம் மென்மையானது என்று நினைப்பவர்கள் ஒரு சுத்தியை எடுத்துப் பார்க்க வேண்டும். சாமைத் தோல் இரும்பின் மூலையைத் தின்று உருட்டிவிடும். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம். அந்த அம்மாள் திருப்பியும் போட்டாகிவிட்டது. சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. புதுச் சுத்திகள் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும். வரும் என்று சொன்னவர்கள் எந்த வாரம் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், இங்க வந்து பாருங்க. அடிவாரத்துப் பட்டறைக்குப் பஸ்ஸுல குடுத்தனுப்பி முலாம் போட்டு வாங்கிட்டனுங்க."

சாக்கின் மேல் சுத்திகளைப் பரப்பி வைத்திருந்தார். உருண்டிருந்த மூலைகள் சாணை பிடித்துக் கூராக நின்றன. மேலெல்லாம் பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு மினுமினுப்பு, வளையல் கடைக் கண்ணாடிபோல.

"முலாமா? அப்படியானால் திருவிழாவுக்கு முன்னாலேயே மாவில் உரிந்து விழும்" என்றேன்.

"நீங்க எதைத்தான் நல்லதுன்னு சொல்லியிருக்கறீங்க? அரத்தை எடுத்துட்டு வாங்க. தேச்சுப் பாக்காம உங்களுக்குத் தூக்கம் வராது."

எடுத்து வந்தேன். மினுமினுப்பு படியாத ஒரு விளிம்பாகப் பார்த்து அரத்தை வைத்துத் தேய்த்தேன். வழுக்கியது. பழைய இரும்பாக இருந்திருந்தால் அரம் கடித்திருக்கும். அப்படியானால் இது முலாம் அல்ல. பட்டறைக்காரர் சொல்லைத்தான் தவறாகச் சொல்லியிருக்கிறார், வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். இரும்பின் மேல்தோலை மட்டும் உருக்கி, அந்த உருகலில் குரோமியம் போன்ற வேறு உலோகத்தைக் கரைத்து, அப்படியே உறையவிட்டிருக்கிறார். முலாம் என்பது சட்டை. கழற்றலாம், கிழியும். இது டிக்காஷனில் விட்ட பால் மாதிரி. எங்கே டிக்காஷன் முடிந்தது, எங்கே பால் தொடங்கியது என்று கோடு போட முடியாது. கோடு இல்லாத இடத்தில் உரிவதற்கும் ஒன்றுமில்லை. அடியில் பழைய இரும்பு அடியைத் தாங்கும், மேலே புதுக் கலவை தேய்மானத்தைத் தாங்கும்.

எதிரெதிராக மாட்டும் சுத்திகளைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். சமமாக இருந்தது, ஓடும்போது உதறாது. இருந்தாலும் அந்த மினுமினுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கலவைத் தோல் அப்படி மின்னாது. கரடுமுரடாக, சாம்பல் நிறமாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும்.

"இந்தப் பளபளப்பு என்னவென்று தெரியவில்லை. சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள்" என்றேன்.

"அய்யய்யோ! இருக்கறதே அதுதானுங்க. அதையும் சொரண்டிப்போட்டா அப்பறம் முலாம் எங்கீங்க இருக்குது?"

சுத்திகளை என் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்திக்கொண்டார். அன்றைக்கே மாட்டி, புது வேலைக்கு எல்லா மில்காரர்களும் செய்வதுபோல, முதலில் வெறும் உமியைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். சத்தம் சீராக இருந்தது. உமியைக் குப்பைக் குழியில் கொட்டினார்.

எங்கள் பக்கத்து மலைக்காரர்கள் திருவிழாவுக்குச் சாமை மாவில் வெல்லம் சேர்த்துப் பிடித்துக் கொண்டுபோவார்கள். அந்த மாவை அரைப்பதற்கு முன் மில்லை மஞ்சள் தண்ணீரால் கழுவ வேண்டும். மூட்டை கொண்டுவந்தவர்கள் கண்ணெதிரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் முந்தின நாள் யாருடைய மிளகாய், யாருடைய கருவாட்டுத் தூள் அரைபட்டதோ என்ற சந்தேகம் வரும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. அந்த மலையில் என்னைத் தவிர வேறு யாரோ நடைமுறை வகுத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரே சாட்சி.

மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர் முன்னால் நிற்க, பின்னால் மூட்டைகளோடு ஆட்கள் நின்றார்கள். பெரியவர் ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் வெற்றிலை. எதையும் சிரிக்காமல் சொல்வார், கேட்டவர்கள் அப்புறம்தான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அந்த அம்மாள் தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும் என்று சல்லடையைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்தார். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை மேல் தொட்டியில் ஊற்றினார். பாதி, கழற்றி வைத்த சல்லடை மீதும் தெறித்தது.

மேலே மஞ்சளாகப் போன தண்ணீர் கீழே சிவப்பாக வந்தது.

லேசான சிவப்பு இல்லை. ஆட்டை அறுத்த இடத்தைக் கழுவினால் ஓடுகிற சிவப்பு. சிமெண்டுத் தரையில் கோடாக இறங்கி, முன்வரிசையில் நின்றவரின் காலைத் தொட்டதும் அவர் காலை இழுத்துக்கொண்டார்.

பெரியவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"ஏம்மிணி, உன்ற மிசினு பலி கேக்குதா?"

"அய்யா, எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நேத்துத்தான் வேலை பாத்து மாட்டுனனுங்க."

"மூட்டையத் தூக்குங்கடா. ஏற்காட்டுல போய் அரைச்சுக்கலாம்."

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. அதன் பொருள் எனக்கே தெரியும். சாமி மாவு அரைக்காத மில்லில் அவர்கள் சாதா மாவும் அரைக்க மாட்டார்கள். இன்றைக்குப் போகிற மூட்டை அடுத்த வாரம் திரும்பி வராது. சமவெளிக்காரி மில்லில் ரத்தம் ஓடியது என்ற பேச்சு மூட்டைக்கு முன்னால் ஏற்காடு போய்ச் சேரும். அதற்குப் பிறகு அவர் மறுபடி பழம் பறிக்கத்தான் போகவேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. இரக்கத்தால் அல்ல. நடைமுறை தெரிந்த ஒருவன் நிற்கும் இடத்தில் ரத்தம் என்று முடிவு கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கள். இது ரத்தமில்லை. ஆரத்தி" என்றேன்.

"ஆரத்தியா? யாருக்கு, உங்களுக்கா?" என்றார் பெரியவர்.

இரண்டு தட்டு கேட்டேன். இரண்டிலும் மஞ்சள் தண்ணீர் விட்டேன். பெரியவரின் டப்பியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கி ஒன்றில் கரைத்தேன். சிவந்தது. அது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு ஒரு சுத்தியைக் கழற்றச் சொல்லி, அந்த மினுமினுப்பை ஆணியால் சுரண்டி, அந்தத் தூளை இன்னொரு தட்டில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் சிவந்தது.

"சுத்திக்கு மேல் சுண்ணாம்பு மாதிரி காரமான ஏதோ ஒன்று இருக்கிறது. உருக்கும்போது இரும்பின் அழுக்கை எடுக்க உலோகப் பொடியோடு வெங்காரம் சேர்ப்பார்கள். அது உருகி மேலே கண்ணாடியாக நின்றிருக்கிறது. மஞ்சள் பட்டதும் சிவந்துவிட்டது."

ஆட்கள் மூட்டையைக் கீழே வைத்தார்கள். பெரியவர் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த வெங்காரம் மாவுல விழுவுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் துறையில் எனக்குப் பயிற்சி போதாது.

"விழும்" என்றேன்.

"திங்கலாமா?"

"கூடாது."

"கொழந்தைக்கு வாய்ப்புண்ணு வந்தாத் தேன்ல கொழைச்சுத் தடவுவமே, அந்த வெங்காரந்தானுங்க?" என்றார் அந்த அம்மாள்.

"அது பொரித்துச் சுத்தம் செய்து ஒரு சிட்டிகை. இது படிக்கணக்கில் தின்னும் சாமையோடு."

மூட்டைகள் மறுபடி தோளுக்கு ஏறின. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாமுங்க சார்" என்றார். நியாயம்தான். ரத்தம் என்றே இருந்திருந்தால் ஒரு சேவலோடு முடிந்திருக்கும். ரசாயனத்துக்கு அந்த மலையில் பரிகாரம் கிடையாது.

கடைசியில் பெரியவர்தான் ஒரு வழி விட்டார். "நாளைக்குக் காத்தால வர்றோம். அதே மஞ்சத் தண்ணி ஊத்து. மஞ்சளா வந்தா இங்க. செவப்பா வந்தா ஏற்காடு. அப்பறம் என்னைய ஒண்ணுஞ் சொல்லக்கூடாது."

சுத்திகளைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் சேலம் பஸ்ஸில் அடிவாரம் இறங்கினோம். வழி முழுதும் அவர் என்னோடு பேசவில்லை. வளைவுக்கு வளைவு சாக்கு மட்டும் என் கால்மேல் சாய்ந்து தன் கருத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது.

பட்டறைக்காரர் நடுவயதுக்காரர். நெற்றியில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவ்வளவு மரியாதையைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

"எப்படிச் செய்தீர்கள்?" என்றேன்.

"குரோம் பொடி, வெங்காரம், தண்ணி. பசையாக் கொழைச்சுப் பூசிட்டு, கார்பன் குச்சியில நெருப்பு வெச்சு மேலாப்புல உருக்குனனுங்க. எதுனாச்சும் ஒடைஞ்சுதா?"

"உடையவில்லை. உருக்கி முடித்ததும் மேலே நிற்கும் கண்ணாடியைத் தட்டி எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிந்துமா விட்டீர்கள்?"

அவர் வெட்கப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு கலப்பைக் கொழுவைக் காட்டினார். சாம்பல் நிறம், சொரசொரப்பு. என் கண்ணுக்கு அழகான வேலை.

"அதைய முறையாக் கழுவிக் குடுத்தனுங்க. கொண்டுபோனவரு திருப்பிக் கொண்டாந்துட்டாரு. முலாமே போடலைன்னு சண்டை. அதுக்கப்பறம் கண்ணாடிய விட்டுத்தான் குடுக்கறது. மின்னுனாத்தானுங்க நம்பறாங்க. மண்ணுல ரெண்டு நாள் ஓட்டுனா அதுவே போயிருது."

"இது மண்ணில் ஓடுவதில்லை. மாவு அரைக்கும் சுத்தி."

"மாவு மில்லுதுன்னு ஆரும் சொல்லலீங்களே? பஸ் கண்டக்டரு சாக்கைப் போட்டுட்டு 'சுத்திக்கு முலாம்'னாரு. கல்லு ஒடைக்கற மிசினுதுன்னு நெனைச்சுட்டனுங்க."

அந்த அம்மாள் முதல் தடவையாக வாய் திறந்தார். "முலாம்னு சொன்னதே நீங்கதானுங்களே? போர்டுலயே அப்படித்தான் எழுதியிருக்குது."

"வேற என்னன்னுங்க எழுதறது? மேலாப்புல உருக்கி உள்ளாறக் கலக்கறதுன்னு எழுதுனா, போர்டு அடிவாரத்துல ஆரம்பிச்சுக் கோரிமேட்டுல போய் முடியும்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் வேலை தளர்ந்துவிடும். டிரம்மில் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லி, ஸ்டூலை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுத்தியாகத் தட்டி, வேகவைத்து, பிரஷ் போடவைத்தேன். சாம்பல் நிறம் தெரியும்வரை அடுத்ததைத் தொடவிடவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன்லகோட இப்படி உக்காந்து பாக்கமாட்டாங்க சார்" என்றார் பட்டறைக்காரர்.

"அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவருவதில்லை."

கண்ணாடியெல்லாம் போய் வெளிவந்த சுத்திகள் அசிங்கமாக இருந்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த அம்மாள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாமே கழண்டு போச்சுங்களே? ரெண்டு பேருஞ் சேந்து என்னைய ஏமாத்தறீங்களா?"

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார், 'நான் சொன்னேனில்ல' என்பதுபோல. நான் அரத்தை அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். விளிம்பில் வைத்துத் தேய்த்தார். வழுக்கியது. பட்டறையில் கிடந்த ஒரு சாதா இரும்பில் வைத்துத் தேய்க்கச் சொன்னேன். கரகரவென்று பொடி உதிர்ந்தது. மறுபடி சுத்தியில் தேய்த்தார். மறுபடி வழுக்கியது.

"ம்" என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸில் சாக்கைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முந்தின நாளைவிடக் கூட்டம். அரைக்க வந்தவர்களோடு பார்க்க வந்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டு குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் மஞ்சளாகப் போய் மஞ்சளாகவே வந்தது. பெரியவர் குனிந்து விரலால் தொட்டு, வெள்ளை வேட்டியின் ஓரத்தில் துடைத்து, அந்தக் கறையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்படி ஒரு ஆய்வாளர் எங்கள் பிரிவில் இருந்திருக்கலாம்.

துடைத்து உலர்த்தி, சல்லடையை மாட்டி, ஒரு படி சாமை அரைத்தார்கள். பெரியவர் வெல்லம் சேர்த்து ஒரு உருண்டை பிடித்தார். பிடித்ததை என் பக்கம் நீட்டினார்.

"சார் மொதல்ல."

"நானா?"

"திங்கக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானுங்க. இப்பத் திங்கலாம்னு வாயால சொன்னாப் போதுமா?"

உருண்டை என் கைக்கு வந்தது. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றார். சுத்திகள் சுத்தம். தண்ணீர் மஞ்சள். நானே பார்த்தது. உருண்டையை உதடுவரை கொண்டுபோனேன். அந்த இடத்தில் கை நின்றது.

மஞ்சள் தண்ணீர் சல்லடை வழியாக ஓடவில்லை. ஊற்றும்போது சல்லடை வெளியில் இருந்தது. சுத்தி மாட்டிய அன்றைக்கு உமி ஓட்டியபோது உதிர்ந்த கண்ணாடி எங்கே போயிருக்கும்?

"கொஞ்சம் இருங்கள்" என்றேன்.

"இன்னுமாங்க?" என்று யாரோ முனகினார்கள்.

"சல்லடையைக் கழற்றுங்கள்."

அந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, நீங்களே கொண்டுபோயி, நீங்களே நின்னு கழுவி, நீங்களே நம்பமாட்டீங்களா? பொறந்ததுல இருந்து ஒருத்தரையாச்சும் நம்பியிருக்கறீங்களா?"

நானே கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மாவை ஊதியதும் தெரிந்தது. ஓரத்துத் துளைகளில், முந்தின நாள் தெறித்த மஞ்சள் பட்டுச் சிவந்த கண்ணாடிப் பொடிகள் மணல்போல இறுகிக் கிடந்தன. பெரியவர் பக்கமாகச் சாய்த்துக் காட்டினேன். காட்டிய பிறகுதான், அந்த அம்மாளின் பிழைப்பை இரண்டாவது தடவையாக நானே காலிசெய்கிறேன் என்பது உறைத்தது.

பெரியவர் சல்லடையைப் பார்த்தார். என் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். அதை வாங்கி, அரைத்த மாவோடு சேர்த்துக் குப்பைக் குழியில் போடச் சொன்னார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"மூட்டைய எறக்குங்கடா. ஏற்காட்டு மில்லுக்காரன் இப்படியெல்லாம் பாப்பானா? இந்தாளு தன்னோட கைவேலையவே நம்பமாட்டீங்கறாரு. இவரு பாத்து ஓட்டுன மில்லுல சாமி மாவு அரைக்கலாம்."

பிறகு என்னிடம், அதே சிரிக்காத முகத்தோடு: "உங்க ஊட்டுல அம்மா பாடு நொம்பக் கஷ்டமுங்க."

சல்லடையைக் கொதிக்கவைத்து, துளைத் துளையாக ஊசியால் குத்தி, அதற்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். மஞ்சளாகவே விழுந்தது. கூட்டுக்குள்ளும் மூலை மூலையாகத் துணி விட்டுத் துடைத்தோம். அப்புறம் பெரியவர் தன் மூட்டையைத் தானே அவிழ்த்து மேல் தொட்டியில் கொட்டினார். மில் ஓட ஆரம்பித்தது. மாவு வெளுப்பாக இறங்கியது. நான் மாவு விழும் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டி, விழுந்ததை வெளிச்சத்தில் பரப்பி, சிவப்பு தென்படுகிறதா என்று தேடினேன். இல்லை. மறுபடி நீட்டினேன்.

"போதுமுங்க சார், கையை எடுங்க" என்றார் அந்த அம்மாள் மில் சத்தத்துக்கு மேல் கத்தி. "சாமி மாவு கீழ சிந்துது."